பேட்டரிப் பெட்டியின் மேல் ஒரு மச்சான்

படித்தவனிடம் எதையும் வாங்கித் தரச் சொல்லக் கூடாது. மற்றவர்கள் கடைக்குப் போவார்கள், கேட்பார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். படித்தவன் முதலில் படிப்பான். ஒரு மிக்சி வாங்குவதற்கு மூன்று மாதம் படித்தவன் நான். அந்த மூன்று மாதமும் என் மனைவி வசந்தா பக்கத்து வீட்டு மிக்சியில்தான் சட்னி அரைத்தாள். (கடைசியில் அந்த மிக்சி எரிந்துபோனது. புதிதாக எது வாங்கலாம் என்று அவர்கள் என்னிடம் கேட்கவில்லை. விவரமான குடும்பம்.)

இப்படிப்பட்ட என்னிடம்தான் ஆறு வருடங்களுக்கு முன்னால் ராசு தன் படகுக்கு ஒரு பேட்டரி தேர்ந்தெடுக்கச் சொன்னான்.

ராசு வசந்தாவின் தம்பி. ஜெகதாப்பட்டினத்தில் சின்ன ஃபைபர் படகு வைத்து நண்டு வலை போடுகிறவன். அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மச்சான். நானும் அதே கரையில் பிறந்தவன்தான். ஆறாம் வகுப்பில் புதுக்கோட்டை விடுதிக்கு அனுப்பினார்கள்; அப்படியே படித்து, ஒரு கல்லூரி நூலகத்தில் நாற்காலி பிடித்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வம்சத்தில் கடல் ஒத்துக்கொள்ளாத முதல் ஆள் நான். குளிக்கும்போது வாளித் தண்ணீர் அலம்பினாலே எனக்கு லேசாகத் தலை சுற்றும்.

ராசுவின் பிரச்சினை விளையாட்டானது அல்ல.

"மச்சான், போன வாரம் கடல்ல பேட்டரி எறங்கிப் போச்சு. ஜிபிஎஸ் அணைஞ்சிருச்சு. ரெண்டு மணி நேரம் எங்கிட்டு கெடக்கோம்னே தெரியல. கோட்டுக்கு இங்கிட்டா, அங்கிட்டான்னு கூடத் தெரியல."

இலங்கைக் கடல் எல்லையான அந்தக் கோட்டைத் தண்ணீரில் யாரும் சுண்ணாம்பு போட்டு வைத்திருக்கவில்லை. ஜிபிஎஸ் திரையில்தான் அது தெரியும். தெரியாமல் தாண்டிவிட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆள் என்றைக்குத் திரும்புவான் என்று சொல்ல முடியாது. படகு பெரும்பாலும் திரும்பாது. அந்த இரண்டு மணி நேரமும் ராசுவின் மனைவி கரையில் நின்று வசந்தாவுக்குப் போன் செய்துகொண்டே இருந்தாள். வசந்தா பதில் சொல்லத் தெரியாமல் போனை என்னிடம் கொடுத்தாள். நான் அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு என் பங்களிப்பு அவ்வளவுதான்.

"எறங்காத பேட்டரியா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க மச்சான். நம்ம வீட்ல நீங்கதான் படிக்கிற ஆளு."

அந்த ஒரு வாக்கியம் போதாதா?

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பதினான்கு கட்டம் போட்டேன். பழைய ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறங்க விட்டால் அதன் ஆயுள் போய்விடும் என்று படித்தேன். லித்தியத்தில் பல சாதி உண்டு, அதில் இரும்பு பாஸ்பேட் சேர்ந்தது சாது, எளிதில் தீப்பிடிக்காது, ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம் என்று படித்தேன். உள்ளே ஒரு குட்டிக் கண்காணிப்பாளர் இருக்கிறார், சூடு அதிகமானாலோ, அளவுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ இணைப்பைத் துண்டித்துவிடுவார் என்று படித்தேன். (எங்கள் கல்லூரியிலும் அப்படி ஒருவர் உண்டு. ஆனால் அவர் காரணமில்லாமலும் துண்டிப்பார்.) இரண்டு மாதத்தில் பேட்டரிகளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. படகுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்கு நோட்டில் கட்டமே போடவில்லை.

எடை என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்: "பழையது இரண்டு, தலா முப்பத்தைந்து கிலோ. புதியது ஒன்றே போதும், பன்னிரண்டு கிலோ. மாபெரும் நன்மை." நன்மையின் கீழே மூன்று கோடு. குறைகள் என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதி மை காய ஊதிவிட்டேன்.

ராசுவோடு கடலுக்குப் போகும் மாரிக்கு மட்டும் சந்தேகம். "சாரு, லித்தியம்னா போன்ல இருக்குமே, அதானே? எங்க சகலை பையன் போனு சட்டைப் பைக்குள்ளயே பொகைஞ்சிருச்சு. இது அம்புட்டுப் பெருசு. இதப் போட்டுக்கிட்டு நாங்க எந்தப் பைக்குள்ள போயி ஒளியிறது?"

மாரிக்கு முக்கால் மணி நேரம் வேதியியல் சொன்னேன். முடிவில் அவர், "சரி, போடுங்க" என்றார். என் விளக்கம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். விளக்கம் நிற்க வேறு வழி இல்லை என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

பேட்டரி வந்த அன்றே பழைய இரண்டையும் கடையில் கொடுத்துவிடச் சொன்னேன். "வெச்சிருந்தா மனசு அதுலேயே நிக்கும் மாப்ளே." இவ்வளவு ஞானமாகப் பேசியதற்கு நான் அடுத்த நாள் மிகவும் வருந்த வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வெள்ளோட்டம். முந்தின நாள் போட்ட நண்டு வலையை எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் திரும்புவதாகத் திட்டம். பேட்டரியை நானே படகுக்குக் கொண்டுபோவேன் என்று சொல்லிவிட்டேன். அதுவும் ஒரே கையில். பழைய பேட்டரியை இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கிய துறைமுகத்தில், ஒரு நூலகர் ஒரே கையில் தூக்கிக்கொண்டு நடப்பதை ஊர் பார்க்க வேண்டாமா? பன்னிரண்டு கிலோ என்பது நோட்டில் மிகவும் லேசாக இருந்தது. ஐஸ் கம்பெனி வாசலைத் தாண்டுவதற்குள் வலது கை என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. கை மாற்றினால் கௌரவம் போய்விடும். சிரித்துக்கொண்டே நடந்தேன். எதிரில் வந்த ஒருவர், "என்ன சாரு, பல்லு வலியா?" என்றார்.

படகின் இடது ஓரத்தில் பழைய பேட்டரிகள் இருந்த மரப்பெட்டிக்குள் புதியதை வைத்தோம். பெட்டிக்குள் அது பெரிய வீட்டில் குடிவைத்த புதுப் பெண்டாட்டி மாதிரி ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டது. ஜிபிஎஸ் பளிச்சென்று எரிந்தது. என் போனில் ஒரு செயலி. அதில் பேட்டரியின் வோல்ட், சூடு, மிச்சம் எல்லாம் தெரியும். "தொண்ணூத்தாறு சதவீதம்!" என்று அறிவித்தேன். நானே பரீட்சை எழுதி வாங்கிய மார்க்கைச் சொல்வது போல இருந்தது என் குரல்.

கரை தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மாரி சொன்னார். "ராசு, போட்டு வலது பக்கம் சாயுதுடா."

"காத்துண்ணே."

"காத்து அங்கிட்டிருந்து அடிக்கிது. போட்டு இங்கிட்டு சாயுது. எனக்கா காத்து தெரியாது?"

படகின் வலது பக்கத்தில் ஐஸ் பெட்டி, டீசல் கேன், நங்கூரம் எல்லாம் இருந்தன. எப்போதும் அங்கேதான் இருக்குமாம். இடது பக்கத்தில் எப்போதும் எழுபது கிலோ ஈயம் இருந்தது. இப்போது இல்லை. இந்த உண்மை எங்கள் மூவருக்கும் ஒரே நொடியில் தெரிந்தது. பழைய பேட்டரிகள் இத்தனை வருடமாகக் கரண்ட் கொடுத்ததோடு நிற்கவில்லை, உட்கார்ந்தும் இருந்திருக்கின்றன. அந்த இரண்டாவது வேலைதான் பெரிய வேலை. அதற்குத்தான் நான் மூன்று கோடு போட்டு விடை கொடுத்து அனுப்பியிருந்தேன்.

ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்திருந்த இடத்துக்கு வந்து, இரண்டு பேரும் வலது பக்கம் நின்று வலையை இழுத்தார்கள். ஈர வலையும் நண்டும் ஏற ஏற, படகின் வலது விளிம்பு தண்ணீருக்கு ஏதோ ரகசியம் சொல்வது போலக் குனிந்தது. பதிலுக்குத் தண்ணீர் ஒரு வாளி அளவு உள்ளே வந்தது.

ராசு இழுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "மச்சான், ஒங்க வெயிட்டு என்ன?"

இந்த நேரத்திலும் என் உடம்பை விசாரிக்கிறானே என்று நெகிழ்ந்துபோனேன். "சுகர் வந்ததுலேருந்து கொறைஞ்சிருச்சு மாப்ளே. டாக்டர் என்ன சொல்றாருன்னா..."

"டாக்டர விடுங்க. எத்தன கிலோ?"

"அம்பத்தெட்டு."

"போயி பேட்டரிப் பெட்டி மேல உக்காருங்க."

எழுபதில் பன்னிரண்டு போனால் ஐம்பத்தெட்டு. கணக்கு இவ்வளவு கச்சிதமாக என் வாழ்க்கையில் வேறு எங்கும் பொருந்தியதில்லை. நான் உட்கார்ந்ததும் படகு நிமிர்ந்தது. ஒரு கிலோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருபது வருட நூலக வேலையில் நான் உட்கார்ந்ததால் எதுவும் நிமிர்ந்ததாக நினைவில்லை. ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

"அசையக் கூடாது," என்றான் ராசு. "வலைய எடுத்து முடிக்கிற வரைக்கும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு மணி நேரம்."

வெயில் ஏறியது. வாந்தி வருகிறது என்றேன். மாரி கொஞ்சமும் பதறாமல், "எடது பக்கமா எடுங்க சாரு, போட்டுக்கு நல்லது" என்றார். போட்டுக்கு நல்லது செய்தேன். அந்த நேரம் பார்த்து வசந்தாவிடமிருந்து போன்.

"பேட்டரி வேலை செய்யுதா?"

"அருமையா செய்யுது."

"நீங்க என்ன பண்றீங்க?"

"நானும் அதோட சேந்துதான் வேலை செய்யுறேன்."

போனை வைத்தவன் சும்மா இருந்திருக்கலாம். மிச்சம் எத்தனை சதவீதம் என்று பார்க்கச் செயலியைத் திறந்தேன். ஒரு சின்ன அலை. போன் கையிலிருந்து நழுவி வலது பக்கமாகச் சறுக்கியது. மூன்று மணி நேர ஆணை மறந்துபோய் நானும் அதன் பின்னால் பாய்ந்தேன்.

என்னோடு சேர்ந்து படகும் பாய்ந்தது. போன் கடலுக்குள் போனது. தண்ணீர் படகுக்குள் வந்தது. நண்டுக் கூடை கவிழ்ந்தது.

"உக்காருங்க மச்சான்!" என்று ராசு போட்ட சத்தம் கோட்டுக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். நான்கு காலில் தவழ்ந்து போய்ப் பெட்டியின் மேல் ஏறினேன். படகு நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் மூன்று பேரும் ஒரே இடத்தைப் பார்த்தோம். ஜிபிஎஸ் திரை. உப்புத் தண்ணீர் அதன் மேல் வழிந்துகொண்டிருந்தது. அணைந்துவிட்டதா?

மாரி ஈரக் கையால் துடைத்தார். "எரியுதுடா. கோடு அங்கிட்டு தூரமாக் கெடக்கு. நாம நல்லா இங்கிட்டுதான் இருக்கோம்."

ராசு மூச்சு விட்டான். நான் விடவில்லை. நாற்பது நண்டுகள் படகெங்கும் பரவி, காய்ந்த இடம் தேடி, இருப்பதிலேயே உயரமான அந்தப் பெட்டியை நோக்கி வந்துகொண்டிருந்தன. நகரக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அது எப்படியோ நண்டுகளுக்கும் தெரிந்திருந்தது.

"மாப்ளே, கால மட்டும் தூக்கிக்கலாமா?"

"தூக்கிக்கங்க. ஆனா நேரா மேல தூக்குங்க. அங்கிட்டு இங்கிட்டு ஆட்டாதீங்க."

இரண்டு காலையும் பெட்டி மேல் மடக்கிச் சம்மணம் போட்டேன். மீதி வலை ஏறும்வரை அப்படியே இருந்தேன். இரண்டு நண்டுகள் வேட்டியைப் பரிசோதித்தன. ஒன்று ஒரு முடிவுக்கு வந்தது. எங்கே என்பதை எழுத முடியாது. இந்தக் கட்டுரையைப் பெண் கொடுத்த வீட்டார் படிப்பார்கள். கத்தினேன், ஆனால் அசையவில்லை. அதை மட்டும் ராசு இன்றைக்கும் எல்லோரிடமும் மரியாதையாகச் சொல்வான்.

கரையில் படகைக் கட்டிய பிறகும் நான் இறங்கவில்லை. யாரும் இறங்கச் சொல்லவில்லையே? ஐஸ் ஏற்ற வந்தவர் சம்மணம் போட்டிருந்த என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "யாருண்ணே இவரு?" என்று கேட்டார்.

மாரி கூடையைத் தூக்கியபடியே சொன்னார்: "புது பேட்டரி வாங்குனோம். கூடக் குடுத்தாய்ங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராசு நண்டோடு புதுக்கோட்டைக்கு வந்தான். சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போனவன், பல வருடமாகச் சும்மா கிடந்த ஆட்டுக்கல்லைப் பார்த்தபடி நின்றான். "அக்கா, இது எத்தன கிலோ இருக்கும்?"

கல்லைப் பழைய பேப்பர் கடைத் தராசுக்குக் கொண்டுபோனார்கள். என்னையும் கூட்டிப்போனார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. கல் மூன்று கிலோ கூடுதல். "பரவால்ல மச்சான்," என்று ராசு என் தோளில் தட்டினான். "இது எந்திரிக்காதுல்ல."

அன்றிலிருந்து அந்த ஆட்டுக்கல் படகின் இடது பக்கத்தில், பேட்டரிப் பெட்டியை ஒட்டி, கயிற்றால் கட்டப்பட்டு இருக்கிறது. அதற்குப் பெயர் மச்சான். படகைக் கழுவும்போது "மச்சானத் தூக்கி அங்கிட்டு வைடா" என்பார்கள். பேட்டரி ஆறு வருடமாக ஒரு நாள்கூட இறங்கவில்லை. ஜிபிஎஸ் அணையவில்லை. அதற்குப் பிறகு ராசுவின் மனைவி கரையில் நின்று எங்களுக்குப் போன் செய்யவும் இல்லை. நான் தேர்ந்தெடுத்தது சரிதான் என்பதை இதற்குமேல் எப்படி நிரூபிப்பது? ஆனால் யாரும் பேட்டரியைப் பற்றிப் பேசுவதில்லை.

போன ஆயுத பூஜைக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ராசு ஒரு படம் போட்டான். படகு, எஞ்சின், ஜிபிஎஸ் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. பேட்டரிப் பெட்டிக்குச் சின்னதாக ஒரு பொட்டு. ஆட்டுக்கல்லுக்கு மட்டும் பெரிய மாலை. கீழே "எங்கள் மச்சான்" என்று எழுதியிருந்தது. விவரம் தெரியாத தூரத்து உறவினர் ஒருவர் படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், "ஆழ்ந்த இரங்கல், எப்போது எடுக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தார்.

நான் ராசுவைக் கூப்பிட்டேன். "ஏன் மாப்ளே, பேட்டரிக்கு ஒரு மாலை போடக் கூடாதா? அதத்தானே நான் படிச்சுத் தேர்ந்தெடுத்தேன்?"

"போடலாம் மச்சான். ஆனா அன்னைக்குச் சாஞ்ச போட்ட நிமித்தி வெச்சது யாரு?"

போனை வைத்தேன். பக்கத்தில் வசந்தா என் பழைய நோட்டை எங்கிருந்தோ தேடி எடுத்து என்னிடம் நீட்டினாள். எடைக் கட்டத்தில் என் மூன்று கோடுகளுக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது: "மச்சானைத் தனியாக வாங்க வேண்டும்."