சேவியர் கதாநாயகியான கதை

கையில் கேமரா கிடைத்த மனிதனிடம் யாரும் நல்லது கெட்டது பேச முடியாது. என்னிடமும் முடியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். போர்ட்பிளேயரில் நான் அரசாங்க குமாஸ்தா. கப்பலில் வேலை பார்த்த நண்பர் தன் எட்டு மில்லிமீட்டர் கேமராவை இரவல் கொடுத்தார். கூடவே ஒரே ஒரு ஃபிலிம் சுருள். மூன்று நிமிடம் ஓடும், சத்தம் வராது. மறுநாள் கப்பல் மெயின்லேண்டுக்குக் கிளம்புவதற்குள் திருப்பித் தர வேண்டும். உடனே நான் டைரக்டர் ஆனேன். கதை, வசனம் (ஊமைப் படத்துக்கு எதற்கு வசனம் என்று கேட்காதீர்கள்), வில்லன் எல்லாம் நானே.

கதாநாயகிதான் கிடைக்கவில்லை. மனைவி கமலாவைக் கேட்டேன்.

"சேலை வேணா தர்றேன். அதுக்கு மேல பேசினீங்க, சோறு கிடையாது."

ஆகவே, நாங்கள் குடியிருந்த டெய்ரி ஃபார்ம் பகுதியில் பக்கத்து வீட்டுக்காரரான தச்சர் சேவியரைப் பிடித்தேன். தூத்துக்குடிக்காரர், ஒல்லி.

"மீசைய எடுக்கச் சொல்லுதியளே அண்ணே, திரும்ப வளருமா?"

"படம் வந்துட்டா மீசை எதுக்கு சேவியர்?"

ஊருக்கு வெளியே சிப்பிகாட் ஓடைக்கரையில் படப்பிடிப்பு. கமலாவின் சேலையில் சேவியர். ஆபீஸ் நண்பர் குரியன் கேமராவைத் திருகினார். நான் சேவியரின் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அவர் அலற வேண்டும். புதருக்குப் பின்னால் இருக்கும் கதாநாயகன் நடராஜன் பாய்ந்து வர வேண்டும்.

"நெஜமாவே கத்துங்க, அப்பத்தான் முகத்துல உணர்ச்சி வரும்" என்றேன்.

காப்பாற்றச் சொல்லி சேவியர் கத்தினார். அதுவும் ஹிந்தியில். (இந்தத் தீவில் யாருக்கும் ஆபத்தில் வாயில் வருவது அதுதான்.) "பச்சாவ்! பச்சாவ்!"

நடராஜன் வரவில்லை. வயலில் வேலை செய்துகொண்டிருந்த வங்காளிகள் வந்தார்கள். முன்னால் ஓடிவந்தவர் ஹல்தார்.

"ஔரத் கோ சோடோ, பத்மாஷ்!"

பெண்ணை விடுடா போக்கிரி என்று முதுகில் முதல் அறை விழுந்தது. எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விளக்கினேன். "ஹம் ஷூட் கர்தா ஹை!"

"கோலி மாரேகா?" என்றார் ஹல்தார். துப்பாக்கியால் சுடப்போகிறேன் என்று புரிந்துகொண்டு, எல்லோருமாகச் சேர்ந்து அடித்தார்கள்.

கடைசியில் சேவியர் முந்தானையை உதறிவிட்டு, கட்டைக் குரலில், "பாயி, மே ஔரத் நஹி!" என்றார். அடி நின்றது. ஹல்தார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு இளநீர் வெட்டிக் கொடுத்தார். நடராஜன் அப்போதுதான் எட்டிப்பார்த்து, "ஆக்‌ஷன் சொல்லவே இல்லையே சார்?" என்றார்.

குரியன் மட்டும் கேமராவை நிறுத்தவே இல்லை.

ஃபிலிம் மெயின்லேண்டுக்குப் போய், கழுவப்பட்டு, மாதக்கணக்கில் கழித்து வந்தது. சுவரில் வேட்டியைக் கட்டி, இரவல் புரொஜெக்டரில் போட்டுப் பார்த்தோம். படம் முழுக்க நான் அடி வாங்குகிறேன், துல்லியமாக. "இன்னொரு தடவ போடுங்க" என்று கேட்டது கமலாதான்.

ஹல்தார் குடும்ப நண்பராகிவிட்டார். என் மகள் கல்யாணத்தில், "உங்களுக்கு இவரோட எப்படிப் பழக்கம்?" என்று சம்பந்தி ஹல்தாரிடம் கேட்க, அவர் பெருமையாக, "ஏக் ஔரத் கே லியே ஹம் இஸ்கோ பீட்டா!" என்றார். ஒரு பெண் விஷயமாக என்னை அடித்தாராம். சம்பந்தியின் முகம் வெளுத்தது. நிலைமையைக் காப்பாற்ற சேவியர் ஓடிவந்து, "ஐயா, அந்தப் பொம்பள நாந்தான்!" என்றார்.

சம்பந்தி என்னைப் பார்த்த பார்வை அதற்குப் பிறகுதான் ரொம்ப மோசமானது.

இன்றும் சேவியர் வாசலில் நின்றால், என் மருமகன் உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பான்: "மாமா, சின்ன அத்தை வந்திருக்காங்க!"