எப்போதும் மேலே

மேலே இருப்பது யார் என்ற கேள்வியால் பேரரசுகள் அழிந்திருக்கின்றன. அக்கேள்விக்கு இரத்தம் சிந்தாமல், தேநீரை மட்டும் சிந்தி விடை கண்ட பெருமை, அக்கராயனுக்கு அப்பால் ஒரு சிறு குளத்தை நம்பிப் பயிர் செய்யும் எங்கள் கமக்காரர் அமைப்பையே சாரும்.

அதன் தலைவர் அடியேன். ஓய்வுபெற்ற ஆசிரியனிடம் ஊர் இரண்டு பொருள்களை நம்பி ஒப்படைக்கும்: ஒன்று ஒலிவாங்கி, மற்றது தலைமைப் பதவி. இரண்டில் ஒன்றையேனும் திருப்பித் தந்த ஆசிரியரை நான் கண்டதில்லை.

அமைப்புக்கு நன்கொடையாகக் கணினி ஒன்று வந்தது. அதன் திரையின் அடியில் ஒரு பட்டை. திறப்பு விழாவை முன்னிட்டு எங்கள் செயலாளர் யதுர்ஷிகா, நிர்வாக சபையினரின் படங்களை அப்பட்டையில் வரிசையாக வைத்தாள். நடுவில் நான். என் படம் சிறிதாகவே இருக்கட்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். பணிவு என் இயல்பு. ஆனால் எந்தச் சாளரத்தைத் திறந்தாலும் அது என் முகத்தை மூடுவதைக் கண்டபோது, பணிவுக்கும் ஓர் எல்லை உண்டென உணர்ந்தேன். பட்டை மற்றெல்லாச் சாளரங்களுக்கும் ‘எப்போதும் மேலே’ நிற்குமாறு அமைக்கப்பட்டது.

அதே கணினியில்தான் கோடைகாலச் சிறுபோகத்துக்கான தண்ணீர் முறை அட்டவணையும் இருந்தது. முன்பெல்லாம் குளத்தின் மதகாகிய துருசைத் திறக்கும் வீரகத்தி, யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதைத் தம் நினைவிலிருந்தே தீர்மானிப்பார். அதனால் வாய்க்கால் வரம்பில் மண்வெட்டிகள் உயர்ந்தன. ஆகவே, ‘திரையில் தெரிவதே முறை’ என்று தீர்மானம் நிறைவேற்றினோம். வெளிப்படைத்தன்மை! வீரகத்தி காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார், திரையைப் பார்ப்பார், போய்த் திறப்பார்.

அட்டவணையின் கடைசி வரி சிவரூபியின் காணி. பழைய குடிகளுக்கு வாய்க்காலின் தலை, மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு வாய்க்காலின் வால் என்பது எங்கள் ஊரின் எழுதாத ஏற்பாடு. சிவரூபி இங்கேயே பிறந்தவள். என்றாலும் வாலில் பிறந்தவள். அவளுடைய வரி எங்கள் படங்களுக்குக் கீழே போயிற்று.

ஒருநாள் அவள் சேற்றுக் காலோடு அலுவலகத்துக்கு வந்தாள். தவறு, சேறு இல்லை. புழுதிக் காலோடு வந்தாள்.

“மாஸ்டர், எனக்குத் தண்ணி வரேல்லை. போன முறையும் வரேல்லை. பயிர் கதிர் தள்ளப்போற குடலைப் பருவத்துக்கு வந்திட்டுது. இப்ப தண்ணி குடுக்காட்டி நெல்லில்லை, பதர்தான்.”

வீரகத்தியிடம் விளக்கம் கேட்டேன்.

“தங்கச்சின்ர பேர் திரையில இல்லையே மாஸ்டர்.”

“பட்டைக்குக் கீழ இருக்கு. உமக்குத் தெரியும்தானே?”

“எனக்குத் தெரியும். திரையில தெரியேல்லை. முந்தி எனக்குத் தெரிஞ்சதை வைச்சுத் திறக்கேக்க, ‘ஆரைக் கேட்டுத் திறந்தனீர்’ எண்டது ஆர்?”

அவர் என் பழைய மாணவர். நன்றாகத்தான் பயிற்றுவித்திருக்கிறேன்.

“கீழ இழுத்தாலும் அந்த வரி பட்டைக்கு அடியிலதான் வந்து நிக்கும் மாஸ்டர்,” என்றாள் யதுர்ஷிகா. “பட்டையை மேல நிக்க வேண்டாம் எண்டு சொல்லிவிட்டால் சரி. ஒரு கிளிக்.”

“கையை எடும் பிள்ளை,” என்றேன். “இது கொள்கைப் பிரச்சினை.”

விசேட பொதுக்கூட்டம் கூட்டப்பட்டது. மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், தலைமையுரை, தேநீர், தலைமையுரையின் தொடர்ச்சி ஆகியன முறையே இடம்பெற்றன. பின்னர் யதுர்ஷிகா தெரிவுகளை வாசித்தாள். முதலாவது, ‘சாளரங்கள் பட்டையை மறைக்கலாம்’.

உபதலைவர் மயில்வாகனம் எழுந்தார். “அப்ப, தண்ணி அட்டவணை தலைவரின்ர முகத்தில ஏறி நிக்கிறதோ? நாளைக்கு உரப் பட்டியலும் ஏறும்!”

அடுத்தது, ‘பட்டை தானாக மறையும்’. மயில்வாகனம் மறுபடி எழுந்தார்.

“ஐயோ, வேண்டாம்! தலைவர் மறைஞ்சிட்டார் எண்டு வெளியால கதை போனால், பொடியள் விடியமுன்னம் கண்ணீர் அஞ்சலி அடிச்சு ஒட்டிப்போடுவாங்கள்.”

சபை என் நீண்ட ஆயுளுக்காக அத்தெரிவை நிராகரித்தது.

“அட்டவணைக்குக் கீழ சும்மா ஒரு வெறும் வரியைப் போட்டு, அதைப் பட்டைக்கு அடியில விட்டால் என்ன?” என்று பின்வரிசையிலிருந்து கேட்டாள் சிவரூபி. வெறும் வரிக்குத் தண்ணீர் முறை ஒதுக்க எங்கள் அமைப்பு யாப்பின் விதிகளில் இடமில்லை என்பதை அன்போடு விளக்கினேன்.

சிக்கலான இடங்களில் நீதிக்கதை ஒன்று சொல்வது என் வழக்கம். சொன்னேன்: “ஒரு குளத்துத் துருசின் மேல் ஓர் ஓணான் இருந்தது. அது அங்கே இருக்கும்வரை குளம் உடையவில்லை. ஆகவே விலங்குகள் எல்லாம் அதை வணங்கின. மேலே இருப்பவர் அசையாமல் இருப்பதே கீழே உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு.”

“அந்த ஓணான் தண்ணி திறந்து விட்டதோ மாஸ்டர்?” என்று கேட்டாள் சிவரூபி.

“ஓணான் எப்படிப் பிள்ளை துருசு திறக்கும்?”

“அதைத்தான் நானும் கேக்கிறன்.”

சபையில் சிலர் இருமினர். அவள் தொடர்ந்தாள்: “சரி, பட்டையை அசைக்க வேண்டாம். எல்லாரும் மேலயே இருங்கோ. அட்டவணையைத் தலைகீழாப் போடுங்கோ. கடைக்காணி முதல் வரியில வரட்டும்.”

எவ்வளவு உயர்ந்த யோசனை! எவர் முகமும் மறையாது. கடைக்காணிக்கும் முதல் மரியாதை. நானே முன்மொழிந்தேன், மயில்வாகனம் வழிமொழிந்தார். சமூகநீதி பற்றி நான் ஆற்றிய உரையில் என் கண்களே கலங்கின. சிவரூபி மட்டும் கை தட்டவில்லை, சிரித்தாள். நன்றியறிதல் என்று எண்ணிக்கொண்டேன்.

அம்முறை அவளுடைய வயலுக்குத் தண்ணீர் போயிற்று. என் வயலுக்கு வரவில்லை.

வாய்க்காலின் தலைப்பில், துருசுக்கு அடுத்ததாக இருப்பது அடியேனின் காணிதான் என்பதை இதுவரை சொல்லாமல் விட்டதும் பணிவினால்தான்.

“வீரகத்தி! என்ர காணிக்குத் தண்ணி எங்க?”

“பேர் திரையில இல்லை மாஸ்டர்.”

“என்ர படமே அதில இருக்கே!”

“ஓம், படம் வடிவா இருக்கு. உங்கட பேருக்கு மேல அதுதான் ஏறிக் குந்தியிருக்கு.”

சைக்கிளை மிதித்து அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

“பிள்ளை, எங்க அந்தக் கிளிக்?”

“கொள்கைப் பிரச்சினையெல்லோ மாஸ்டர்?” என்றாள் யதுர்ஷிகா. “கூட்டம் கூப்பிடட்டோ?”

“கூட்டமும் கீட்டமும்! அமத்தும்!”

அமத்தினாள். பட்டை அட்டவணைக்குப் பின்னால் போயிற்று. நாங்கள் அனைவரும் மறைந்தோம். குளம் உடையவில்லை. வாய்க்காலின் தலையிலிருந்து வால்வரை எல்லாப் பெயர்களும் திரையில் தெரிந்தன. பின்னேரமே என் வயலில் தண்ணீர் பாய்ந்தது. சிவரூபியின் வயலில், பிந்தி வந்த தண்ணீரைக் கண்ட பயிர் பாதி கதிர் தள்ளிற்று, மீதி பதராயிற்று.

கூட்டமின்றி எடுத்த முடிவுக்குக் காரணம் எழுதவேண்டும் என்பது விதி. ‘பொதுநலன் கருதி’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அதில் பொய்யேதும் இல்லை. சிவரூபியின் வயல் வெடித்து நின்றபோது அது கொள்கைப் பிரச்சினை. என் வயல் காய்ந்த பிறகுதானே அது பொதுநலன் ஆயிற்று!