டெல்மர் நைக்விஸ்ட் ஒரு கட்டையைத் தேர்ந்தெடுக்கிறார்

வாங்குகிறவர்கள் வேறு, தேர்ந்தெடுக்கிறவர்கள் வேறு. வாங்குகிறவர் கடைக்குப் போவார், பிடித்ததை எடுப்பார், வீட்டுக்கு வந்து அதைப் பயன்படுத்துவார், பிறகு மறந்துவிடுவார். தேர்ந்தெடுக்கிறவருக்குக் கடை என்பது கடைசிப் படி. அந்தப் படியில் கால் வைப்பதற்கு முன்னால் ஒப்பிட வேண்டும், அளக்க வேண்டும், விசாரிக்க வேண்டும், விசாரித்ததை இன்னொருவரிடம் சரிபார்க்க வேண்டும், அந்த இன்னொருவரின் யோக்கியதையைப் பற்றி மூன்றாமவரிடம் கேட்க வேண்டும். இந்த இனத்தாரைச் சுருக்கமாகப் 'பொறுக்குவோர்' என்று அழைத்திருக்கலாம். என்ன செய்வது, தமிழில் அந்தச் சொல்லின் நெருங்கிய உறவினர் ஒருவருக்கு ஏற்கெனவே கெட்ட பெயர்.

அவர்களை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் முழு வளர்ச்சி அடைந்த ஒருவரைக் காட்டுகிறேன். வட விஸ்கான்சினில் கட்லர் ஏரி என்ற ஊரில், பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் டெல்மர் நைக்விஸ்ட். வயது ஐம்பத்தெட்டு. நல்ல மனிதர். பேருந்தின் பிரேக் விஷயத்தில் அரை நிமிடத்தில் முடிவெடுப்பார். அது அடுத்தவர் வண்டி.

விஷயம் இவ்வளவுதான். போன வேட்டைப் பருவத்தின் கடைசி நாளில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்ததில் டெல்மருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருடைய மான் துப்பாக்கியின் கட்டையில், கை பிடிக்கும் இடத்தில், விரிசல் விட்டுவிட்டது. குழாய் நன்றாக இருந்தது, விசை நன்றாக இருந்தது. தோளில் ஊன்றுகிற அந்தக் கட்டையை மட்டும் மாற்றினால் போதும். மார்ச் மாதம் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் துப்பாக்கி மெக்கானிக் வெண்டலிடம் போனார்.

வெண்டல் திருப்பிப் பார்த்தார். "ஒரு வாரத்துல புதுசு மாட்டித் தர்றேன். மரமா, பிளாஸ்டிக்கா?"

பாவம், நல்லெண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் தேர்ந்தெடுக்கிறவரிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டென்றால் அது 'இதுவா, அதுவா'. டெல்மரின் முகம் மலர்ந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

ஏப்ரல் முழுக்க மரம். வால்நட் மரம் அழகு, கையில் இதமாக இருக்கும், ஆனால் ஈரத்தில் ஊதிக் குழாயைத் தள்ளும், குறி ஒரு அங்குலம் விலகும். மே மாதம் பிளாஸ்டிக். ஊதாது, ஆனால் கிளையில் உரசினால் சத்தம் கேட்கும், குளிரில் கன்னத்தை வைத்தால் சில்லென்றிருக்கும். ஜூன் மாதம் மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்த ஒட்டுக் கட்டை. அசையாது, ஊதாது, ஆனால் தூக்கிக்கொண்டு நடந்தால் ஆட்டுக்குட்டியைச் சுமப்பது மாதிரி. பிறகு கார்பன் இழை. இறகு மாதிரி இருக்கும். இறகு மாதிரி இருப்பதால் சுடும்போது தோளைக் கழுதை மாதிரி உதைக்கும். குறையே இல்லாத கட்டை உலகத்தில் எங்கோ இருக்கிறது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமில்லை.

யாரிடம் விசாரித்தார்? அங்கேதான் இந்த இனத்தின் தனி அழகு. டெல்மரின் முப்பது வருட வேட்டைத் தோழர் ஆரின் ஸாஸ்ட்ரோ நான்கு மைல் தள்ளி இருந்தார். வயது எழுபத்திரண்டு, தேவதாரு சதுப்பை ஒட்டி நாற்பது ஏக்கர் நிலம், அதில் அவர் சுட்ட மான்களின் கணக்கை அவரே மறந்துவிட்டார். ஆரினின் துப்பாக்கிக் கட்டையில் விரிசலுக்கு டேப் சுற்றியிருக்கும். அவரிடம் டெல்மர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐடஹோவில் எங்கேயோ இருக்கிற, இணையத்தில் 'மலைப்புலி' என்று பெயர் வைத்துக்கொண்ட, முகம் தெரியாத ஒருவரிடம் கேட்டார். மலைப்புலி பதினெட்டுப் பத்தி எழுதினார். டெல்மர் அதை அச்செடுத்து, முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் பூசினார். பூசி முடித்தபோது தாள் முழுக்க மஞ்சள்.

அடுத்து அளவு. கட்டையின் பின்முனையிலிருந்து விசை வரைக்கும் உள்ள நீளம் ஆளுக்கு ஆள் மாறும் என்றார் மலைப்புலி. சரி, அளந்தால் போயிற்று. ஆனால் சட்டையோடு அளப்பதா, நவம்பர் கோட்டோடு அளப்பதா?

ஜூலையில் ஒரு மத்தியானம், வெளியே தார் உருகுகிற வெயிலில், ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, குல்லாயும் மாட்டிக்கொண்டு, கையில் துடைப்பக் கழியோடு ஹாலில் நின்றார் டெல்மர். கண்ணை மூடிக் கழியைத் தோளில் வைப்பார், கண்ணைத் திறப்பார், "அரை அங்குலம்" என்பார், மறுபடி மூடுவார். வேலை முடிந்து வந்த அவருடைய மனைவி லோர்னா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"டெல்மர். எதிர் வீட்டுக்காரங்க ஜன்னல் வழியாப் பாத்துட்டிருக்காங்க."

"பாக்கட்டும். இந்தா டேப்பு, என் முழங்கையிலேர்ந்து விரல் வரைக்கும் அள."

"போன வாரம்தானே அளந்தேன்?"

"அது சட்டையோட."

அளந்தாள். பதின்மூன்றரை அங்குலம். டெல்மர் முகத்தைச் சுளித்தார். மலைப்புலி பதின்மூன்றே முக்கால் என்று எழுதியிருந்தார்.

"உன் கட்டையைத் தேடி முடிக்கிறதுக்குள்ள என் கட்டை வெந்துடும் போலிருக்கு" என்று சொல்லிவிட்டு லோர்னா உள்ளே போனாள்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல டெல்மரும் லோர்னாவும் ஆரினும் ஊர் விடுதியில் பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தார்கள். ஆரின் தன் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் புரட்டிக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை.

"வீட்டையும் நிலத்தையும் வித்துட்டேன்" என்றார்.

லோர்னா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"முட்டி ஒத்துக்க மாட்டேங்குது. இன்னொரு வருஷம் பனி தள்ள முடியாது என்னால. மக, பனி தள்ள வேண்டாத டூஸான்ல வந்து இருன்னு கூப்பிடுறா. இந்தப் பருவம் முடிஞ்ச திங்கக்கிழமை கெளம்புறேன்." டெல்மரைப் பார்த்தார். "அதனால இந்த வருஷம்தான் நம்ம ரெண்டு பேருக்கும் கடைசி."

டெல்மருக்கு வருத்தம். உண்மையான வருத்தம், அதில் கேலி ஒன்றுமில்லை. முப்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்த ஆள். ஏதாவது சொல்ல வேண்டும். சொன்னார்.

"அப்போ இந்த வருஷம் கட்டை சரியா இருந்தே ஆகணும்."

ஆரின் உருளைக்கிழங்கைத் தின்றார்.

ஆனால் டெல்மர் சும்மா சொல்லவில்லை. தோழனின் கடைசி வேட்டைக்கு ஓட்டைத் துப்பாக்கியோடு போவதா? செப்டம்பரில் ஒரு கட்டையை வரவழைத்தார். பிடி தடிமன். திருப்பி அனுப்பினார். இன்னொன்றை வரவழைத்தார். பிடி சரி, நிறம் ஒரு மாதிரி. மானுக்கு நிறம் தெரியாது என்று வெண்டல் சொன்னார். "எனக்குத் தெரியுமே" என்றார் டெல்மர். மூன்றாவது, இடது கைக்காரருக்கானது. ஆரின் இரண்டு முறை கூப்பிட்டார். வா, மானுக்காக ஒளிஞ்சு உக்கார்ற நம்ம மறைவிடத்தைச் சரிபண்ணலாம், கூரைத் தட்டி தொங்குது என்று. "இந்த வாரம் கட்டை வருது, அடுத்த வாரம் வர்றேன்" என்றார் டெல்மர், இரண்டு முறையும். எழுபத்திரண்டு வயது முட்டியோடு ஆரினே ஏணியில் ஏறித் தட்டியை அடித்தார்.

அக்டோபர் கடைசியில் வந்தது அவதாரம். கரும்பச்சைக் கட்டை. நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கன்னம் வைக்கிற மேட்டை ஒரு பொத்தானை அழுத்தி ஏற்றலாம், இறக்கலாம், ஒவ்வொரு படிக்கும் ஒரு 'கடக்'. யோசித்துப் பாருங்கள், தேர்ந்தெடுப்பதை வாங்கிய பிறகும் தொடரலாம்! இதை வடித்தவர் மனிதரை அறிந்தவர். வெண்டல் மாட்டிக் கொடுத்தார். சுட்டுப் பார்த்ததில் மூன்று குண்டும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவுக்குள் விழுந்தன.

"இதோட தொடாத" என்றார் வெண்டல். "கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்."

டெல்மர் வீடு போய்ச் சேரும் வரைக்கும் தொடவில்லை.

வேட்டைப் பருவத்தின் தொடக்க நாள், நவம்பரில் ஒரு சனிக்கிழமை. விடிகிற நேரத்தில் இருவரும் மறைவிடத்தில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். மூச்செல்லாம் புகை. ஆரின் முட்டியைக் கம்பளியால் சுற்றியிருந்தார். நடுவில் ஃபிளாஸ்க், கொஞ்சம் காய்ந்த சாசேஜ். தேவதாருக்களுக்குப் பின்னால் வெளிச்சம் சாம்பல் நிறத்தில் ஏறியது.

முதலில் ஆரின்தான் பார்த்தார். எண்பது கஜத்தில், சதுப்பின் ஓரத்தில், பத்துக் கிளைக் கொம்போடு ஒரு ஆண் மான். உறைபனி படிந்த புல்லை மோந்துகொண்டு, அவசரமே இல்லாமல் நின்றது. ஆரினின் கை தன் துப்பாக்கிமேல் போனது. பிறகு அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ சுடுடா" என்றார் மூச்சுக் குரலில்.

"உன்னோட நிலம். நீ சுடு."

"சொல்றேன்ல. எடு."

டெல்மர் எடுத்தார். புதுக் கட்டை தோளில் பொருந்தியது. விசை விரலுக்கு வந்தது. குறி பார்க்கிற ஸ்கோப்பில் மானின் தோள்பட்டை தெரிந்தது. ஆனால் அன்றைக்குக் குளிர் கூடுதல் என்று ஒரு ஸ்வெட்டர் அதிகமாகப் போட்டிருந்தார். அதனால் தலை ஒரு இழை மேலே நின்றது. அதனால் ஸ்கோப்பின் வட்டத்தில் கீழோரம் ஒரு பிறைக் கீற்று கறுப்பாகத் தெரிந்தது. சுட்டால் மான் விழுந்திருக்குமா? விழுந்திருக்கும். எண்பது கஜம், கண்ணாடி போடாமலே வெண்டலின் மாமியார்கூடச் சுட்டிருப்பார். ஆனாலும் பிறைக் கீற்று பிறைக் கீற்றுதானே?

டெல்மர் பொத்தானை அழுத்தினார்.

கடக்.

உறைந்த காலையில் அந்தச் சத்தம் விறகு முறிந்த மாதிரி கேட்டது. மான் தலையைத் தூக்கியது. இப்போது மேடு கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. கடக். இல்லை, இது கூடுதல். மான் காதைத் திருப்பியது. ஆரின் கண்ணை மூடிக்கொண்டார். கடக்.

வெள்ளை வால் ஒரு தரம் கொடி மாதிரி உயர்ந்தது. அப்புறம் தேவதாரு மட்டும்தான்.

ஆரின் கண்ணைத் திறந்தார்.

"எத்தனை கடக்?" என்றார் ஆரின்.

"மூணு."

"இப்போ சரியா இருக்கா?"

டெல்மர் கன்னத்தை வைத்துப் பார்த்தார். பழக்கம், விடுமா? "கச்சிதமா இருக்கு."

"நல்லது" என்றார் ஆரின். தன் துப்பாக்கியிலிருந்து குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "கால் மரத்துப் போச்சு. போலாம்."

மறுநாள் உறைமழை. ஆரினின் முட்டி வீங்கிவிட்டது. அந்தப் பருவத்தில் அவர் மறுபடி காட்டுக்கு வரவில்லை.

அந்த வியாழக்கிழமை, தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு வான்கோழியை அறுத்துக்கொண்டே லோர்னா சொன்னாள். "உனக்குத் தெரியுமா? அந்த மானை ஆரின் மூணு வருஷமா பாத்துட்டு இருந்தான். சின்னது, வளரட்டும்னு சுடாம விட்டு வச்சிருந்தான். இந்த வருஷம் சுட்டு, கொம்பை டூஸானுக்கு எடுத்துட்டுப் போறதா எங்கிட்ட சொன்னான்."

டெல்மரின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. "அப்போ ஏன் என்னைச் சுடச் சொன்னான்?"

"எட்டு மாசமா நீ படற பாட்டை அவனும்தானே பாத்தான்?"

டெல்மருக்கு அன்று சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே சுற்றினார். ஞாயிற்றுக்கிழமை, ஆரின் கிளம்புவதற்கு முந்தைய நாள், ஒரு மன்னிப்பு அட்டை வாங்கிக் கொடுக்கலாம் என்று லோர்னாவோடு மருந்துக் கடைக்குப் போனார். வாழ்த்து அட்டைகள் அங்கே ஒரு சுவர் நிறைய. லோர்னா பற்பசை, இருமல் மருந்து, நாய்க்கு பிஸ்கட் எல்லாம் வாங்கித் திரும்பி வந்தபோது டெல்மர் இரண்டு அட்டைகளை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏரிப் படம் போட்டதா, வாத்துப் படம் போட்டதா? ஏரி கொஞ்சம் சோகமா இருக்கு. வாத்துன்னா விளையாட்டா எடுத்துக்குவானோன்னு..."

லோர்னா இரண்டையும் அவர் கையிலிருந்து பிடுங்கி அலமாரியில் வைத்தாள். "வண்டியில ஏறு."

ஆரினின் வாசலில் பாதி ஏற்றிய வாடகை வண்டி நின்றது. அவர் ஒரு விளக்கைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். டெல்மர் வெறுங்கையோடு அவர் முன்னால் போய் நின்றார். ஒத்திகை பார்க்காத, ஒப்பிட்டுப் பார்க்காத, முதலில் வாய்க்கு வந்த வாக்கியத்தைச் சொன்னார். அவர் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"நான் ஒரு மடையன், ஆரின். மன்னிச்சுடு."

"அது எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்" என்றார் ஆரின். விளக்கைக் கீழே வைத்தார். "நெலம் வாங்கினவங்ககிட்ட பேசிட்டேன். நல்ல மாதிரி. அடுத்த வருஷமும் நீ அங்க உக்காரலாம். நான் பிளேன்ல வர்றேன், ஒரு வாரம். மக ஒத்துக்கிட்டா. ஒரே ஒரு கண்டிஷன்."

"சொல்லு."

"எதையும் மாத்தாத."

டெல்மர் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. அப்புறம் மெதுவாக, "அந்த ஸ்கோப் மட்டும், வட்டம் கொஞ்சம் பெருசா இருந்தா..." என்று ஆரம்பித்தார். வண்டியில் இருந்த லோர்னா ஹாரனை அழுத்திக் கையை எடுக்கவே இல்லை.

சிரித்துவிட்டீர்களா? சிரியுங்கள். விஸ்கான்சின் தூரம், துப்பாக்கி நம் வீட்டில் இல்லை, மான் நம் தெருவுக்கு வராது. இது யாரோ ஒருவரின் வியாதி. ஆனாலும் ஒரு சின்ன சோதனை, செலவில்லாதது. நீங்கள் கடைசியாக ஒரு சாமானை ஆற அமர அலசி ஆராய்ந்தபோது, பக்கத்தில் ஒரு ஆள் உங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அவர் யார்? சட்டென்று பெயர் வந்துவிட்டால் பிழைத்தீர்கள். "எந்தச் சாமானைச் சொல்கிறீர்கள், மிக்ஸியா, செல்போனா?" என்று கேட்கத் தோன்றினால், எழுந்து போய், காத்திருந்த அந்த ஆளைக் கண்டுபிடித்து, டெல்மர் மாதிரி முதலில் வாய்க்கு வருவதைச் சொல்லிவிடுங்கள்.