பந்திக்கு முந்திய பதினொருவர்

மோர்டன்,
ஞாயிற்றுக்கிழமை.

நெடுமருதடி இந்துக் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளைத் தலைவர், மதிப்பிற்குரிய கிருஷ்ணராசா அண்ணைக்கு,

சங்கத்தின் விருந்தோம்பல் பொறுப்பாளர் அம்பலவாணன் பணிவுடன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கவும், அக்காவின் பிரஷர் ஏறாமல் இருக்கவும் முருகனை வேண்டுகிறேன். என்னைக் கேட்டால், இடுப்பில் நாரி பிடித்து நிமிர முடியாமல் இருக்கிறேன். இறைச்சிக் கிடாரம் தூக்கியதால் வந்தது.

சங்கத்தின் கடிதம் கிடைத்தது. உதைபந்தாட்டத்தில் கற்குளம் மத்திய கல்லூரிப் பழைய மாணவர்களிடம் ஏழுக்குப் பூச்சியம் என்று நாங்கள் தோற்றதற்கு, "விருந்தோம்பல் பொறுப்பாளரின் மிதமிஞ்சிய உபசரிப்பே காரணம்" என்று எழுதி, விளக்கமும் கேட்டிருக்கிறீர்கள். சாப்பாடு போட்டதற்கு ஒரு மனுசன் விளக்கம் எழுத வேண்டி வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன்.

முன்னாள் வீரர்களுக்கான கூடாரத்தில் ஆட்டத்துக்கு முன் தேத்தண்ணியும் ஒரு பிஸ்கட்டும், ஆட்டம் முடிந்த பிறகு சாப்பாடு. இதுதான் திட்டம். கல்லூரி அணியில் விளையாடியவர்களுக்கு மட்டும் என்று வாசலில் அட்டையும் தொங்கவிட்டேன். மழை தொடங்கியதுதான் தாமதம், ஒரே வருடத்துப் பதினொருவர் அணியில் விளையாடினோம் என்று பதினெட்டுப் பேர் உள்ளே வந்தார்கள். யாரை மறிப்பது? எல்லோரும் எனக்கு அண்ணைமார். விசில் ஊத வேண்டிய மத்தியஸ்தரோ வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டார். லெஸ்டரிலிருந்து விடியவே வெளிக்கிட்டு வந்தவர்கள் இடியப்பப் பெட்டியைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், திரும்பவும் பெட்டியைப் பார்க்கிறார்கள். என் மனைவி வதனா வைத்த ஆட்டிறைச்சிக் கறியின் மணம் மைதானத்தின் மற்றக் கோல் வரைக்கும் போய்விட்டது. அப்போதும் நான் கிடாரத்து மூடியை அமத்திப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அந்தக் கையைத் தட்டிவிட்டது யார், அண்ணை?

"என்ன ஐசே பாத்துக்கொண்டு நிக்கிறீர்? சாப்பாடு ஆறப் போகுது. பெடியளும் பசியோட நிக்கிறாங்கள். குடும், குடும்!"

சொன்னது நீங்கள். முதல் பிளேட்டும் உங்களுடையது. நீங்கள் பெடியள் என்று சொன்ன எங்கள் அணியில் ஆக இளையவனுக்கு நாற்பத்தாறு வயது என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். கோல் கீப்பர் பிரவீணன், பாவம், ஏர்போர்ட்டில் நைட் ஷிப்ட் முடித்து ஹவுன்ஸ்லோவிலிருந்து நேரே வந்தவன். "எனக்கு ரெண்டு இடியப்பம் காணும் அண்ணை" என்றான். காணும், போதும் என்ற சொற்களுக்கு நம் ஆட்கள் எப்போது மதிப்புக் கொடுத்தார்கள்? "நல்லா மெலிஞ்சு போனாய் தம்பி" என்று வதனா இன்னும் நாலு வைத்தாள். நான் சொதியை ஊற்றினேன். "கோலுக்கு நிக்கிறவனுக்குத் தெம்பு வேணும்" என்று நீங்கள் அவன் கையில் இரண்டு றோல்ஸைத் திணித்தீர்கள். கற்குளத்தார் மழையில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றார்கள். அவர்களுக்கும் கொஞ்சம் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். "போன வருசம் தங்கட கூடாரத்தில எங்களுக்கு என்ன தந்தவை? பச்சைத் தண்ணி! ஒரு றோல்ஸும் அங்கால போகக்கூடாது" என்றீர்கள். போகவில்லை.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். எங்கள் பதினொருவரும் அதை ஒரு குறையுமில்லாமல் நிறைவேற்றினார்கள். விசில் ஊதியபோது ஒன்பது பேர்தான் எழும்பினார்கள். துஷாந்தன் கதிரையிலேயே நித்திரை. உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு, சென்டர் ஃபார்வர்டுக்கு இருக்காதா? இன்னொருவன் பாயசம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். கற்குளத்தார் பசியில் ஓடினார்கள். ஆட்டம் முடிந்தால்தான் அவர்களுக்குச் சாப்பாடு, ஓடாமல் என்ன செய்வார்கள்? முதல் கோல் பிரவீணனின் கால்மாட்டால் மெதுவாகத்தான் போனது. அவன் அதை மரியாதையாக வழியனுப்பி வைத்தான்.

"குனிஞ்சு பிடியடா!" என்று கத்தினேன்.

"ஏலாது அண்ணை, குனிஞ்சால் சொதி வெளியில வரும்."

மிச்சம் ஆறும் அதே வழியால்தான் போயின.

அண்ணை, மனம் விட்டு ஒன்று சொல்கிறேன். நான் கல்லூரி அணியில் ஒருநாளும் விளையாடியவன் அல்ல. இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுத்தவன். அந்தக் கூடாரத்துக்குள் நிற்க எனக்கிருக்கும் ஒரே உரிமை என் கையிலிருக்கும் அகப்பைதான். வருடா வருடம் எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடிச்சட்டியை வழித்துத் தின்றுவிட்டு, கிடாரம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். யாராவது ஒருவர் "நல்லாயிருந்தது அம்பலம்" என்று சொன்னால், எனக்கு அதுதான் வெற்றிக் கிண்ணம். இந்த வருடம் அதற்குப் பதிலாக உங்கள் கடிதம் வந்தது. மனம் நொந்துபோனேன், அண்ணை. களைத்தும் போனேன்.

ஆகவே பொறுப்பிலிருந்து விலகுகிறேன். இது முடிந்த முடிவு. கிடாரம் இரண்டும் கூடாரத்துக் கம்பிகளும் என் கராஜில் இருக்கின்றன, ஆளனுப்பி எடுத்துக்கொள்ளவும். இனி யார் சமைத்தாலும் கறியில் உப்பு அளவாக இருக்கட்டும், கல்லூரியின் புகழ் ஓங்கட்டும். அக்காவுக்கு எங்கள் இருவரின் அன்பும்.

இப்படிக்கு,
இன்றுடன் முன்னாள் விருந்தோம்பல் பொறுப்பாளர்,
அம்பலவாணன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் நேரம் கற்குளம் சங்கத்தின் செயலாளர் போன் எடுத்தார். வென்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அந்தக் கறி மணம் இன்னும் மூக்கை விட்டுப் போகேல்லை அண்ணை. எங்களுக்கும் ஒருக்கா..." என்று இழுத்தார். அடுத்த வருடம் ஆட்டத்துக்கு முன்பே அணியோடு வந்து வயிறாரச் சாப்பிடச் சொல்லிவிட்டேன். டூட்டிங் இறைச்சிக் கடையில் இரண்டு மடங்கு இறைச்சிக்கும் சொல்லியாயிற்று. வதனா பாயசமும் வைக்கிறாளாம். காணும் என்றால் விடமாட்டோம். எங்கள் பெடியளுக்கு ஆட்டம் முடியும்வரை ஆளுக்கொரு வாழைப்பழம். ஆகையால் கிடாரம் எடுக்க ஆளனுப்ப வேண்டாம், கிண்ணம் வைக்க அலுமாரியில் இடம் பாருங்கள். உங்களுக்கும் வாழைப்பழம்தான், அண்ணை.