போட முடியாத கவுனுக்கு வரி இல்லை

ஆடை என்பது மனிதர் அணிவதற்காகத் தைக்கப்படுவது என்று உலகம் பொதுவாக நம்பிக்கொண்டிருக்கிறது. லீட்ஸ் நகரத்து நெவில் பிராட்பெண்டும் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படித்தான் நம்பினார். அப்போது அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

அந்த ஊரின் ஹெடிங்லிப் பகுதியில் ஒரு சலவைக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து மழைக்கோட்டு தைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கோட்டைப் போட்டவர்கள் மழையில் நனையவில்லை. ஆகவே எந்தப் பத்திரிகையும் அவரைப் பற்றி எழுதவில்லை. ஒரு நாள் கத்திரி தவறி, ஒரு கவுனின் இடுப்பில் இரண்டு அங்குலம் போய்விட்டது. தூக்கி எறிய மனசு வராமல் ஜன்னலில் மாட்டிவைத்தார். தன் அத்தையின் சாவுக்கு லண்டனிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, 'இரக்கமே இல்லாத வெட்டு' என்று புல்லரித்து எழுதினாள். அடுத்த வருஷம் நெவில் இரக்கத்தை இன்னும் இரண்டு அங்குலம் குறைத்தார்.

அப்புறம் என்ன? இடுப்பு சிறுக்கச் சிறுக்கப் புகழ் பெருத்தது. லண்டனில் கடை வந்தது. கடைக்குக் கண்ணாடிக் கதவு வந்தது. கதவைத் திறந்துவிட, சிரிக்கவே தெரியாத ஒரு வாலிபன் வந்தான்.

அவர் மனைவி டோரீன் மட்டும் சிறுக்கவில்லை. கல்யாணமான வருஷம் புருஷன் தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினாள். சில வருஷம் கழித்து அவர் தைத்தது தோளோடு நின்றுவிட்டது. இப்போது தைப்பது முழங்கை வரை போகும். அதற்கு மேல் போகாது. அது கையுறையா கவுனா என்று கேட்டால் நெவில் இரண்டு நாள் பேசமாட்டார்.

புகழுக்குத் தீனி போட்டு மாளாது. லண்டன் கடைக்காக வீட்டை பேங்க்கில் அடகு வைத்திருந்தார்கள். மீன் வறுவல் கடைக்கு மேலே ஒண்டிக் குடித்தனம் செய்து, தலைமுடியெல்லாம் எண்ணெய் நாற்றம் ஏறி, கடைசியில் டோரீனுக்குக் கிடைத்த வீடு அது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பேரிக்காய் மரம். ஈஸ்டருக்குள் லாபம் கண்ணில் படாவிட்டால் வாசலில் விற்பனைப் பலகை நடப்படும் என்று பேங்க் மேனேஜர் போனில் மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொண்டார். அன்றைக்கு டோரீன் மரத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று கோப்பை டீ குடித்தாள்.

அந்த வாரம்தான் தங்கை மகளுக்குப் பள்ளிச் சீருடை வாங்கப் போனாள். பில்லைப் பார்த்தால் சல்லிசாக இருந்தது.

"வரியை விட்டுட்டீங்களே," என்றாள் டோரீன். கான்வென்டில் படித்தவள், பொய்க் கணக்கு பொறுக்காது.

"குழந்தைத் துணிக்கு ஏது கண்ணு வரி?" என்றாள் கடைக்காரி. "பதினாலு வயசு ஆகாதவங்க போடறதுன்னா சர்க்கார் ஒரு காசு வாங்காது. வளர்ந்தவங்க துணிக்குத்தான் அஞ்சுல ஒரு பங்கு. அளவெல்லாம் சுவத்துல ஒட்டியிருக்கு பாரு."

டோரீன் பார்த்தாள். மார்பு இவ்வளவு, இடுப்பு இவ்வளவு. எங்கேயோ பார்த்த அளவாக இருக்கிறதே என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து நெவிலின் புது கவுனை மேஜைமேல் விரித்து, அதன்மேல் சீருடையை வைத்தாள். சீருடை வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது.

"நெவில், இங்க வா. நீ இத்தனை வருஷமா குழந்தைத் துணி தைச்சுக்கிட்டு இருக்கே."

"என்னது? அது உலகத்திலேயே..."

"உலகம் கிடக்கட்டும். பன்னெண்டு வயசுப் பொண்ணு துணியை விட உன் துணி சின்னது. சர்க்கார்கிட்ட சொன்னா வரி போயிடும். வரி போனா வீடு போகாது."

நெவிலுக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் மரத்தைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், மனு போட்டார்.

வரி அலுவலகத்தில் உடை வகைப்பாட்டுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதன் அதிகாரி திரு. கிரிம்ஷா மிகவும் நேர்மையானவர். யார் வீட்டிலும் பிஸ்கட் சாப்பிடமாட்டார். தன் பிஸ்கட்டைத் தானே கொண்டுவருவார். அவர் கவுனை அளந்தார். திருப்பிப் போட்டு அளந்தார். நம்பிக்கை வராமல், டேப்பை இன்னொரு டேப்பால் அளந்தார்.

"அளவு சரி, மிஸ்டர் பிராட்பெண்ட். ஆனால் அளவு மட்டும் போதாது. இந்த ராஜ்ஜியத்தில் வளர்ந்த பெண்மணி எவரும் இதற்குள் நுழைய இயலாது என்பது ஐயந்திரிபற நிறுவப்பட வேண்டும்." பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து விரித்தார். "இந்தப் படத்துல இதே கவுனைப் போட்டுக்கிட்டு மேடையில நடக்கறது யாரு?"

"இமோஜன். எங்க மாடல்."

"வயசு?"

"இருபத்தாறு," என்றார் நெவில். அவர் குரல் இமோஜனின் இடுப்பைவிடச் சிறுத்துப் போயிருந்தது.

"அப்போ வளர்ந்த ஒருத்தர் உள்ள போயிருக்காங்க. மனு தள்ளுபடி." கிரிம்ஷா பேனாவைத் திறந்தார்.

"இருங்க சார்," என்றாள் டோரீன். "நெவில், நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"டோரீன், வேண்டாம்."

"வீடு வேணுமா வேண்டாமா?"

நெவில் தலையைக் குனிந்துகொண்டார்.

"இமோஜன் உள்ள போகல சார்," என்றாள் டோரீன். "கவுன் அவ முன்னாடி நின்னுச்சு. அவ்வளவுதான். பின்பக்கம் முழுக்க வெட்டித் திறந்து, முதுகுல டேப் போட்டு ஒட்டி, மேல கோட்டைப் போத்திவிட்டோம். நான்தான் ஒட்டினேன். உரிக்கும்போது அவ கத்தின கத்தல் இன்னும் காதுல இருக்கு."

கிரிம்ஷாவின் முகம் மலர்ந்தது. "போன வருஷக் கவுன்?"

"அதுவும் டேப்புதான்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"பசை."

"ஆக, உங்க கவுனை இதுவரைக்கும் ஒருத்தருமே போட்டதில்லை?"

"நானறிய இல்ல சார்," என்றார் நெவில்.

"வாங்கினாங்களே?"

"வாங்கினாங்க," என்றாள் டோரீன். "போட்டோம்னு எந்தப் பொம்பளையாவது சொன்னாளா? எனக்குப் பத்தலன்னு எவளாவது வாயைத் திறந்தாளா? உடம்புதான் தப்புன்னு நினைச்சு அலமாரியில பூட்டி வெச்சுட்டு, அடுத்த வருஷம் இன்னொண்ணு வாங்கிட்டுப் போனாங்க."

கிரிம்ஷா தன் பிஸ்கட்டில் ஒன்றை டோரீனுக்குக் கொடுத்தார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் இத்தனை சுத்தமான சாட்சியம் அவருக்குக் கிடைத்ததில்லை. வரி ரத்தாயிற்று. ஒரே ஒரு நிபந்தனை. இனி விற்கும் ஒவ்வொரு கவுனின் கழுத்துப் பட்டையிலும் கீழ்க்கண்ட வாசகம் தைக்கப்பட வேண்டும்: 'வளர்ந்த மனிதர் எவரும் அணிய இயலாதது என அரசால் உறுதி செய்யப்பட்டது.'

நெவில் அன்றிரவு சாப்பிடவில்லை. "தொலைஞ்சேன். இதைப் படிச்சுட்டு எவ வாங்குவா?"

எவ வாங்குவாளா? பட்டை தைத்த முதல் கவுன் ஜன்னலில் ஏறிய அன்று லண்டன் கடை வாசலில், கொட்டுகிற மழையில், குடை பிடித்துக்கொண்டு வரிசை நின்றது. இதுவரைக்கும் தனக்குப் பத்தவில்லை என்று ஒவ்வொருத்தியும் தனியாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். இப்போது யாருக்குமே பத்தாது என்று சர்க்காரே சொல்லிவிட்டது. வெட்கம் போய்ப் பெருமை வந்துவிட்டது. உடுத்த முடியாது என்பதால் ஹேங்கரோடு கையில் தூக்கிக்கொண்டு விருந்துக்குப் போனார்கள். வெள்ளியில் ஹேங்கர் வந்தது. கவுனைத் தூக்கிவர ஆள் வைத்தார்கள். 'அணிவது பழசு, ஏந்துவதே புதுசு' என்று பத்திரிகை எழுதியது. நாகரிகமெல்லாம் கைக்குப் போய்விட்டதால் உடம்பில் என்ன கிடக்கிறது என்று எவரும் பார்க்கவில்லை. சீமாட்டிகள் முழங்கை கிழிந்த ஸ்வெட்டரிலும் குளியலறை அங்கியிலும் நாடகம் பார்க்க வந்தார்கள். ஒரு மணப்பெண் பைஜாமாவில் தேவாலயத்துக்குள் நடந்தாள். கல்யாணக் கவுன் அவளுக்கு முன்னால் ஒரு தட்டில் போயிற்று.

ஈஸ்டர் வந்தது. பேங்க் மேனேஜர் ஒரு பூந்தொட்டி அனுப்பிவைத்தார். பேரிக்காய் மரம் பூத்தது.

கோடையில் கிரிம்ஷா மறுபடியும் வந்தார். இந்தத் தடவை பிஸ்கட் எடுத்து நீட்டவில்லை. ஒரு செய்தித்தாளை மேஜைமேல் வைத்தார். அதில் ஒரு பெரிய படம். காய்கறிக் கடை வாசலில் டோரீன் நிற்கிறாள். தோளில் நெவிலின் கவுன். அதன் கழுத்து முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. உள்ளே உருளைக்கிழங்கு. கவுனின் இரண்டு கைகளிலும் வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே, 'பிராட்பெண்ட் அம்மையாரின் துணிச்சலான புதுப் பாணி' என்று பாராட்டு.

"பையை எடுத்துட்டுப் போக மறந்துட்டேன் சார். இது கொக்கியில தொங்கிச்சு, எடுத்துட்டுப் போனேன்," என்றாள் டோரீன்.

"அதேதான் மேடம். கையில தூக்கிட்டுப் போற, உள்ள சாமான் போடற பொருள் ஆடை ஆகாது. அது பை. பைக்கு வரி உண்டு. குழந்தைப் பைன்னு சலுகையும் கிடையாது. மனு போட்ட நாள்ல இருந்து வித்த அத்தனைக்கும் சேர்த்துக் கட்டணும்."

நெவில் ஜன்னல் வழியே பேரிக்காய் மரத்தைப் பார்த்தார். "வீடு போச்சு."

"போட்டா ஆடை, வளர்ந்தவங்க ஆடை, வரி," என்று டோரீன் விரலை மடக்கினாள். "தூக்கினா பை, அதுக்கும் வரி. சரி சார், போடவும் இல்ல, தூக்கவும் இல்ல. காசு குடுத்துட்டுக் கடையிலயே விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு வெச்சுக்குங்க. அப்போ அது என்ன?"

கிரிம்ஷா அட்டவணையைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். நெற்றி வேர்த்தது.

"அதுக்கு எங்க அட்டவணையில பேரே இல்ல."

"பேர் இல்லாததுக்கு வரி?"

"பேரில்லாத பொருளுக்கு வரி விதிக்க எனக்கு அதிகாரம் இல்ல, மேடம்."

"ஏற்கனவே வாங்கினவங்க எல்லாரும் திருப்பிக் கொண்டாந்து மாட்டிட்டுப் போயிட்டா?"

"அப்போ அது பையா இருந்ததுக்கும் ஆதாரம் இல்ல," என்றார் கிரிம்ஷா. எதிராளியின் கெட்டிக்காரத்தனத்தை மதிக்கத் தெரிந்த மனிதர்.

ஒரே வாரத்தில் அத்தனை பேரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கெஞ்சவேண்டியிருக்கவில்லை. மாட்டிய கவுனுக்குக் கீழே சொந்தக்காரியின் பெயர் அட்டை ஜன்னலில் தெரியும் என்று டோரீன் ஒரு வார்த்தை சொன்னாள், போதும். 'வைத்துக்கொள்வதும் பழசு, விட்டுவைப்பதே புதுசு' என்றது பத்திரிகை. பெண்கள் கடைக்கு வெளியே நின்று தங்கள் கவுனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீடு தப்பியது.

இந்த வெற்றியைக் கொண்டாட இலையுதிர் காலத்தில் லண்டன் கடையில் விருந்து வைத்தார் நெவில். டோரீன் அலமாரியைத் திறந்தாள். ஒன்றுமில்லை. உலகப் புகழ் பெற்ற தையல்காரன் பெண்டாட்டிக்கு உடுத்தத் துணி எப்படி இருக்கும்? கிர்க்கேட் சந்தைக்குப் போய், பெரில் என்பவளின் கடையில் முப்பது பவுண்டுக்குக் கருநீலக் கவுன் ஒன்று வாங்கினாள். உட்கார்ந்தால் உட்கார விட்டது. இரண்டு பக்கமும் பாக்கெட் வேறு.

விருந்தில் அங்கியும் பைஜாமாவுமாகக் கூட்டம். அந்தப் பழைய பத்திரிகைக்காரி, இப்போது பத்திரிகைக்கே ஆசிரியை, டோரீனைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள்.

"இது என்ன?"

"கவுன்."

"எங்க மாட்டியிருக்கே?"

"என் மேலதான்."

ஆசிரியை துணியைக் கிள்ளிப் பார்த்தாள்.

"உடம்பு மேலயா? நிஜமாவா? மூச்சு விட முடியுதா?"

"விடலாம். சாப்பிடக்கூட முடியுது," என்று டோரீன் ஒரு கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, மறு கையால் தட்டிலிருந்த இறைச்சி ரோலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

'என்ன ஒரு துணிச்சல்!' என்று எழுதினாள் ஆசிரியை. 'ஆடையை அணிந்துகொள்வது! இதை யாராவது யோசித்திருக்கிறோமா?'

பனிக்காலத்துக்குள் நாடே அணிய ஆரம்பித்துவிட்டது. நெவில் கருநீலத்தில் கவுன் தைத்தார். வளர்ந்தவர் அணிவது; ஆகவே வரி உண்டு. விலையை ஏற்றி வரியை அதன் தலையில் வைத்தார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை. கிரிம்ஷாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பேங்க் மேனேஜர், வீட்டுக்கு இன்னொரு மாடி கட்டிக்கொள்ளக் கடன் வேண்டுமா என்று விசாரித்தார்.

கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் டோரீனின் கவுனில் குழம்பு கொட்டிக் கறை பிடித்துவிட்டது. பெரிலின் கடைக்கு மறுபடியும் போனாள். அதே கருநீலம். விலைச் சீட்டைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"முந்நூறா! முப்பதுக்குத்தானே குடுத்தே?"

"அப்போ அது துணி கண்ணு. இப்போ அது பாணி."

"சரி, தொலையட்டும். என் அளவுல ஒண்ணு எடு."

"உன் அளவு வர்றதில்லையே. எல்லாரும் போட ஆரம்பிச்சதும் தைக்கிற கம்பெனியில ஒடுக்கித்தான் அனுப்பறாங்க. உன் வீட்டுக்காரர் வெட்டினதைப் பார்த்துத்தான் எல்லாரும் வெட்டறாங்களாம். இதோ, இதுதான் இருக்கறதுல பெரிசு."

டோரீன் கண்ணாடி முன்னால் நின்று அதைத் தன்மேல் பிடித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் டோரீன் வெளியே தெரிந்தாள். பாக்கெட்டையும் எடுத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் அதே அளவை வாங்கிக்கொண்டு, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் கவுனுக்குள் யார் போவார்கள், யார் போகமாட்டார்கள் என்று இங்கிலாந்திலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்.

வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"கட்டிக் குடு பெரில்," என்றாள். "கொஞ்ச நாள் ரொட்டியை நிறுத்திட்டா சரியாயிடும். என் உடம்புதான் கெட்டுக் கிடக்கு."