வெண்டல் ஏறாத படி

தான் சேராத மதத்துக்குக் காவல் நிற்கிற ஒரு வகை மனிதர் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் கென்டக்கியில் அவர் பெயர் வெண்டல் ப்ரூயிட். ஓய்வுபெற்ற பல் டாக்டர், மனைவியை இழந்தவர்.

ஷேக்கர்கள் என்ற பழைய கிறிஸ்தவப் பிரிவினர் கல்யாணமே கூடாதென்று, ஒரே வீட்டில் ஆணுக்கொரு வாசல், பெண்ணுக்கொரு வாசல், தனித்தனி மாடிப்படி என்று வாழ்ந்தவர்கள். பிள்ளை பெறாததால் எங்கள் பக்கம் முறைப்படி தீர்ந்தும் போனார்கள். அவர்கள் வீடு இப்போது அருங்காட்சியகம். அதனால் என்ன? வெண்டல் இருக்கிறாரே. வீட்டளவு வண்டியில் வந்து இறங்கி, வைக்கோல் தொப்பி மாட்டி, நாற்காலியைச் சுவர் முளையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, கண்ணை மூடி "எளிமை" என்று பெருமூச்சு விட்டு, படி மாறி ஏறிய யாராவது ஒரு சுற்றுலாக்காரரைப் பாதியில் இறக்கி மறு வாசல் வழியாக ஏற்றினால்தான் அவருக்குக் காலைக் காபி ஜீரணமாகும். தேனிலவு ஜோடியையும் பிரித்துத்தான் ஏற்றினார்.

பெண்கள் பக்க வழிகாட்டி ஒடெஸ்ஸா க்ரூம். பதினொரு வருஷமாக இருவரும் ஆளுக்கொரு படியின் அடியில் நின்று, நடுக்கூடத்தைத் தாண்டாமல், மழையைப் பற்றிப் பேசினார்கள். போன வெள்ளிக்கிழமை ஒடெஸ்ஸாவுக்குக் கடைசி நாள். ஒஹாயோவில் மகள் வீட்டோடு போய்விடுவதாக ஏற்பாடு. வெண்டல் தானே சுட்ட எலுமிச்சைக் கேக்கோடு வந்து, போகாதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்து திறந்து, கேக்கையும் நீட்டாமல் மழையைப் பற்றியே பேசினார். அன்று மேகமே இல்லை.

ஜன்னலோரம் டிக்கெட் கிழித்தபடி கேட்ட எனக்குப் பொறுக்கவில்லை. அவர் வண்டியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நேரத்தில், 'சகோதரர்', 'சகோதரி' என்று வாசல்களில் மாட்டியிருந்த பலகைகளை இடம் மாற்றிவிட்டேன்.

பதினொரு வருஷம் ஏறிய படி எதுவென்று காலுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பலகை வேறு மாதிரிச் சொன்னதே. வெண்டல் கேக்கைத் தூக்கிக்கொண்டு பலகைக்குக் கீழ்ப்படிந்தார். ஒடெஸ்ஸா பலகையெல்லாம் பார்ப்பதில்லை. வழக்கம்போல் தன் படியில் இறங்கிவந்தார். பாதியில் முட்டிக்கொண்டார்கள்.

"இது ஆம்பளைங்க படிங்க," என்றார் வெண்டல்.

"பதினோரு வருஷமா நான் இதுலதான் ஏறுறேன். பலகையைத்தான் பாப்பீங்களா, ஆளைப் பாக்க மாட்டீங்களா?"

பார்த்தார். "போகாதீங்க," என்றார், அதையும் எங்கோ எழுதி மாட்டியிருந்ததுபோல.

"கையில என்னது?"

"கேக்கு."

"இந்த வீட்டுக்குள்ள எதுவும் திங்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா." அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "கத்தி இருக்கா?"

இருந்துவிடுகிறேன் என்று ஒடெஸ்ஸா சொல்லவில்லை. இரண்டாவது துண்டை முடித்தபின் மகளுக்கு ஃபோன் போட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் யாரோ செத்தவர் போட்டுவிட்டுப் போன விதி ஒன்று இருக்கும். அதை மீறாத நல்லவர் என்ற பெயரும் இருக்கும். அந்தப் பெயரைக் காப்பாற்ற நீங்கள் யாரை ஊருக்கு அனுப்பிவைக்கப் போகிறீர்கள்?