ஒரே வீட்டுக்கு இரண்டு கூரை

"எல்லாரும் வீட்ட விட்டுக் கிளம்பணும். ரிப்பேர் முடியிற வரைக்கும் நாம பத்து காவான் ஊர்வாசிங்க!"

என் அத்தா சீனி முகம்மது இதை மெர்டேக்கா சுதந்திர அறிவிப்பு மாதிரி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

ரிப்பேர் சும்மா சாக்கு. ஜார்ஜ் டவுனில் எங்கள் வீடு நூறு வயசுக் கிழம். ரயில் பெட்டி நீளம். நடுவில் கூரையே இல்லாத முற்றம். மழை பெய்தால் அடுப்படிக்குக் குடை பிடித்துப் போகணும். பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவானில் அத்தா புது வீடு வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார். அம்மா அசையவே மாட்டேன் என்கிறார். எனக்கு? அங்கே ஜில்லென்று ஏர்கோன் இருக்கு. ஆசைதான்.

"ஒரு தடவ கிளப்பிட்டாப் போதும்," என்று அத்தா என் காதில் கிசுகிசுத்தார். "அங்கயே பழகிடுவா. அப்புறம் இத வாடகைக்கு விட்டுடலாம்."

"அம்மாவையா ஏமாத்தப் போறீங்க? சான்ஸே இல்ல."

"எஸ்பிஎம் பரீட்சை எழுதிட்டா பெரிய ஆளா? வாய மூடு."

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "சரிங்க," என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"சரியா?"

"கூரை ஒழுகுதுல்ல. வேலைய ஆரம்பிக்கச் சொல்லுங்க."

அப்புறம் அத்தாவைப் பிடிக்க முடியவில்லை. தெரு முழுக்க வீடு வீடாகப் போய் விடைபெற்றார்.

லாரி வந்தது. ஜம்மென்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் மூன்றே பெட்டி. மூன்றும் அவருடையது.

"ஏ ஃபஸீலா, உன் சாமானெல்லாம் எங்க?"

"அடுப்படிப் பக்கம் மாத்திட்டேன்," என்றார் அம்மா. "வாசு, அண்ணனுக்குச் சொல்லுங்க."

கான்ட்ராக்டர் வாசு தலையைச் சொறிந்தார். "இந்த வீட்டுக்கு ரெண்டு கூரைண்ணே. முற்றத்துக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. முன்னாலதப் பிரிக்கிறப்ப பின்னால இருக்கலாம். பின்னாலதப் பிரிக்கிறப்ப முன்னால வரலாம். யாரும் வெளிய போக வேணாம் லா. அக்கா மொத நாளே கேட்டுட்டாங்களே!"

அத்தா லாரிக் கதவைத் திறந்தார்.

"அப்ப நானும் பின்னாலயே..."

"பாய், எங்கள மறந்துடாதீங்க லா!" பக்கத்து வீட்டு ரோஹானா அக்கா அழுதுகொண்டே பிரியாணிப் பொட்டலத்தை ஜன்னல் வழியே திணித்தார். தெருவே கையசைத்தது.

அம்மா லாரிக் கதவைச் சாத்தினார். "ஊரே வழியனுப்ப வந்திருக்கு. இப்ப இறங்கினா அசிங்கங்க. போயிட்டு வாங்க."

மறுநாள் புது வீட்டிலிருந்து எனக்கு முதல் போன்: "அரிசி ஒரு கப்புன்னா, தண்ணி எவ்ளோ ஊத்தணும்?"